இல்லந் துலக்கும் எளிய பொருள்கள்

(அருமனையில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தூய்மை என்னும் சொல்லைச் சுவரொட்டியில் கண்டு, மொழித்தூய்மை பற்றிய பேச்சென்று எண்ணி வந்தோர் இவ்வவையில் பலர் இருக்கக்கூடும். அவர்கள் பொறுத்தருள்க. இன்றைய பேச்சு அடுக்களையைப் பற்றியது. ஏனம் விளக்குவதையும், தரை துடைப்பதையும், கழிப்பறை கழுவுவதையும் பற்றியது. இவை மேடையேறத் தகாத பொருள்கள் என்று கருதுவாரும் உளர். நாள்தோறும் இரண்டு மூன்று மணிநேரத்தைப் பெண்டிர் எதில் கழிக்கின்றனரோ, மாதந்தோறும் கைப்பொருளில் ஒரு பங்கு எதில் கரைகின்றதோ, சிறிது தவறினும் மூச்சையே அடைக்க வல்ல பொருள்கள் எதில் புழங்குகின்றனவோ, அதனைப் பேசாமல் வேறு எதனைப் பேசுவது?

மார்த்தாண்டத்திற்கு வடக்கே மலைச்சாரலை நோக்கி வரும் வழியில் அமைந்த இவ்வருமனையின் வீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். முற்றத்தில் தென்னை நிற்கும். புறவாயிலில் புளியோ, பலாவோ, கறிவேப்பிலையோ நிற்கும். அப்பால் இரப்பர்த் தோட்டம். அடுக்களைக்குள் நுழைந்தால் கழுவுதொட்டியின் கீழே குப்பிகள் வரிசையாக நிற்கும்: ஏனம் விளக்க ஒன்று, தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, குளிப்பறைச் சுவருக்கு ஒன்று, பித்தளைக்கு ஒன்று. நிறம் வேறு, மணம் வேறு, விலை வேறு. உள்ளிருக்கும் சரக்கைப் பிரித்துப் பார்த்தாலோ நாலைந்து இனந்தான் தேறும். எண்ணெய்ப் பசையை நீரோடு சேர்ப்பது ஒன்று, உப்புக்கறையையும் துருவையும் கரைக்கும் காடி ஒன்று, காரம் ஒன்று, நுண்ணுயிர் கொல்லும் நஞ்சு ஒன்று, மணமும் நிறமும் வெறும் ஒப்பனை. இவற்றுள் முதல் மூன்றும் இவ்வீட்டுத் தோட்டத்திலும் அடுப்பிலும் கிடந்தவை. கிடந்தவை என்று இறந்த காலத்தில் சொல்ல நேர்கின்றது.

சாம்பலிலிருந்து தொடங்குவோம்.

தென்னை மட்டை, கொதும்பு, தொண்டு, சிரட்டை ஆகியவற்றை எரித்தால் எஞ்சும் சாம்பல் வெறும் தூளன்று. அதில் பொட்டாசியம் கார்பனேட்டு என்னும் உப்பு மிகுதியாக உண்டு. அது நல்ல காரம். காரம் எண்ணெய்ப் பசையைச் சந்தித்தால் அப்பசையின் ஒரு பகுதியை வழலையாகவே மாற்றிவிடும். சாம்பல் தொட்ட ஈரவிரல் வழுவழுப்பதன் கரணியமும் இதுவே. விரலில் உள்ள நெய்ப்பு வழலையாகின்றது. பிசுக்கேறிய வாணலியில் சாம்பலைப் போட்டுத் தேய்த்த பாட்டிமார், வழலையைக் கடையில் வாங்காமல் வாணலியிலேயே செய்துகொண்டனர். கொழுப்பும் காரமும் சேர்ந்து வழலையாகும் முறையை விளக்கி, பிரெஞ்சு நாட்டுச் செவ்ரோல் என்பார் 1823ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே நம் பெண்டிர் அதனைக் கையால் செய்துவந்தனர்; ஆனால், ஏன் அவ்வாறு ஆகின்றது என்று கேட்டு எழுதிவைக்கவில்லை. செய்கை நம்மிடம் இருந்தது; எழுத்து அவரிடம் இருந்தது. பெருமையும் குறையும் இரண்டும் இதில் உண்டு. ஒன்றை மட்டும் பேசுதல் நேர்மையாகாது.

பொட்டாசியம் என்னும் சொல்லின் பிறப்பும் கேட்கத் தக்கது. ஐரோப்பியர் மரச்சாம்பலை நீரில் ஊறவைத்து, அந்நீரைப் பானையில் காய்ச்சி உப்பெடுத்தனர். பானைச் சாம்பல் என்று பொருள்படும் சொல்லால் அதனை வழங்கினர். 1807இல் ஆங்கிலேயர் டேவி அவ்வகைக் காரத்திலிருந்து ஒரு புதிய தனிமத்தைப் பிரித்தபோது, பானைச் சாம்பல் என்னும் அச்சொல்லையே நீட்டிப் பொட்டாசியம் எனப் பெயரிட்டார். அடுக்களைச் சொல்லை அறிவியற் சொல்லாக உயர்த்த அவர் நாணவில்லை. நம்மவரோ சாம்பல் என்று சொன்னால் தாழ்வென்றும், 'பொட்டாஷ்' என்று சொன்னால் உயர்வென்றும் எண்ணுகின்றனர்!

சாம்பல்நீர் எடுக்கும் வகை எளிது. கண் திறந்த பெரிய சிரட்டை ஒன்றையோ, அடியில் துளையுள்ள மண்கலத்தையோ எடுத்து, துளையின்மேல் தென்னந்தும்பை அடைத்து, சலித்த சாம்பலை இட்டு, மழைநீரை மெல்ல மெல்ல ஊற்றுக. பழுப்பு நிறத்தில் ஒரு நீர் சொட்டும். அது காரநீர். எண்ணெய்ப் பிசுக்கேறிய அடுப்புத் திண்ணைக்கும், புகை படிந்த சுவருக்கும், அழுக்குத் துணிக்கும் அது போதும். கையில் நெடுநேரம் படவிடாதீர், கண்ணில் தெறிக்கவிடாதீர். இயற்கைப் பொருள் என்பதனால் அது சாதுவானது என்று எண்ணுவது பிழை. செறிந்த சாம்பல்நீர் தோலைப் புண்ணாக்கும்.

இன்னொன்று: அலுமினிய ஏனத்தில் சாம்பலையோ ஆப்பச்சோடாவையோ இட்டுத் தேய்த்தல் ஆகாது. காரம் அலுமினியத்தை அரிக்கும், ஏனம் கறுக்கும். புளியும் அவ்வாறே அதனைத் தின்னும். இவ்வூர்ப் பக்கம் அலுமினியப் பானையை ஈயப்பானை என்று வழங்குவாரும் உளர். ஈயம் வேறு, வெள்ளீயம் வேறு, அலுமினியம் வேறு. பெயர் மயங்கினால் பொருளும் மயங்கும்.

உமிச்சாம்பல் வேறு இனம். அதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் மணற்சத்து, அதாவது சிலிக்கா. அது கரைக்காது, அராவும். தோவாளையும் அகத்தீசுவரமும் நெல் விளைத்துத் திருவிதாங்கூர்க்கே சோறிட்ட காலத்தில், நாஞ்சில் நாட்டு வீடுகளில் உமிக்கரிக்குப் பஞ்சமில்லை. வெண்கல உருளிக்கும் இரும்புச் சட்டிக்கும் அது தக்கது. கண்ணாடிக்கும், பூச்சுப் பூசிய புதுவகைத் தோசைக்கல்லுக்கும் அது பகை.

இனி ஒரு கசப்பான உண்மை. சாம்பல் இலவயமாகக் கிடைத்தது என்று பேசும்போது, அச்சாம்பலோடு வந்த புகையை மறந்துவிடுகின்றோம். ஊதுகுழலோடு அடுப்பின்முன் அமர்ந்து கண்ணெரிந்து நுரையீரல் கெட்டோர் நம் தாய்மார்கள். எரிவளி அடுப்பு வந்தது அவர்களுக்கு விடுதலை. சாம்பலின் பெருமைக்காக மீண்டும் விறகடுப்பு மூட்டச் சொல்வது பேதைமை. ஆனால், குளிநீர் காய்ச்சவும், நெல் அவிக்கவும், திருமண வீட்டுச் சமையலுக்கும் இன்றும் விறகு எரிகின்றது. அச்சாம்பல் குப்பைமேட்டுக்குப் போகின்றது. அதே பொருளைப் பொதியில் அடைத்து ஏனம் துலக்கும் இயற்கைத்தூள் என்று விலை குறித்து நகரங்களில் விற்கின்றனர்! தென்னந்தும்பு உருண்டைக்கும் அக்கதியே. தொண்டைக் குழியிலிட்டு எரித்துவிட்டு, அதே தும்பை உறையிலிட்டு வந்தால் விலைகொடுத்து வாங்குகின்றோம்.

கைகழுவச் சாம்பல் போதுமா என்றொரு வினா எழும். இதனை மருத்துவ ஆய்வாளர் ஆராய்ந்துள்ளனர். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்று, சாம்பலால் கைகழுவுதல் நோய் பரவலைக் குறைக்கும் என்று உறுதி கூறப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. ஆகலின் ஏனத்துக்குச் சாம்பல் சரி. உண்ணும் முன்னும் கழிப்பறை சென்று வந்த பின்னும் கைக்கு வழலையே முறை. பழமை என்னும் ஒரே கரணியம் பற்றி எதனையும் தாங்குதல் தமிழ்ப்பற்று ஆகாது.

புளிக்கு வருவோம். பித்தளையும் செம்பும் காற்றுப்பட்டுக் கறுப்பது, அவற்றின் மேற்பரப்பில் உயிர்வளி சேர்ந்து படலம் உண்டாவதால். புளியிலுள்ள டார்ட்டாரிக் என்னும் காடி அப்படலத்தைக் கரைத்துக்கொண்டு போகும். உள்ளிருக்கும் செம்மை வெளிப்படும். குழம்புக்குக் கரைத்தபின் எஞ்சும் புளிக்கோதே இதற்குப் போதும், புதுப்புளி வேண்டா. ஒரு பிடி கல்லுப்பும் சேர்த்துத் தேய்த்து, உடனே நன்னீரால் அலசித் துணியால் ஈரம் போகத் துடைத்துவிடல் வேண்டும். அலசாது விட்டால் பச்சைக் களிம்பு பூக்கும். அக்களிம்பு நஞ்சு. செம்பு ஏனத்தில் புளிக்குழம்பு வைக்கலாகாது என்றும், வைப்பின் உள்ளே வெள்ளீயம் பூசவேண்டும் என்றும் முன்னோர் கொண்ட முறை இதனாலேயே. துலக்கிய செம்பின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் மாள்கின்றன என்பதை இற்றை அறிவியலும் ஒப்பியுள்ளது. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு 2008இல் செம்பையும் அதன் கலவைகளையும் நுண்ணுயிர்க்கொல்லிப் பரப்பாகப் பதிவு செய்தது. ஆனால், அழுக்கும் பிசுக்கும் மூடிய செம்பால் அப்பயன் இல்லை. துலக்கினால்தான் செம்பு செம்பாகும்.

மலையாளத்தார் இலும்பன்புளி என்றும் தமிழ்நூலார் புளிச்சக்காய் என்றும் வழங்கும் காயொன்று இப்பகுதி வீட்டுக் கொல்லைகளில் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாய்க் காய்த்து, தின்பாரின்றித் தரையில் உதிரும். அதில் ஆக்சாலிக் என்னும் காடி மிகுதி. அது இரும்புத் துருவைக் கரைப்பதில் புளியினும் வலிது. அரிவாள், வெட்டுக்கத்தி, துணியில் பட்ட துருக்கறை ஆகியவற்றுக்கு அக்காயை அரிந்து தேய்த்துச் சிறிது நேரம் வைத்துக் கழுவினால் போதும். கறைக்கு நல்லது என்பதனால் வயிற்றுக்கும் நல்லது என்று கொள்ளற்க. கொழுப்புக் குறையும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அக்காயின் சாற்றைச் செறிவாகக் குடித்தோர் சிலர்க்குச் சிறுநீரகம் செயலற்றுப் போனதைக் கேரள மருத்துவர்கள் 2013இல் எழுதி வெளியிட்டனர். ஊறுகாயில் சிறிது சேர்த்தல் வேறு. குவளை குவளையாய்க் குடித்தல் வேறு.

எலுமிச்சை, புளி, கடையில் வினிகர் எனப்படும் புளிக்காடி ஆகிய மூன்றையும் கொண்டு எங்கும் தேய்க்கலாம் என்று எண்ணாதீர். சலவைக்கல்லும், சுண்ணாம்புக் காரையும், சிமிட்டித் தரையும் காடி பட்டால் அரிக்கப்படும். மெருகு போய்ச் சொரசொரக்கும். தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையின் கருந்தரையைப் பார்த்தோர் வியப்பர்; முகம் தெரியும் அளவுக்கு மெருகு. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, செடிச்சாறு முதலியன சேர்த்து அமைத்தது என்பர். அத்தகைய தரையைக் காத்தது தேய்ப்பே, காடியன்று. பழைய வீடுகளில் சிவப்புக் காவித்தரை இன்னும் உள்ளது. அதற்கு வெறும் நீரும், இடையிடையே தேங்காயெண்ணெய் தொட்ட துணியும் போதும்.

இங்கு மற்றொரு மயக்கத்தையும் நீக்கவேண்டும். ஆப்பச்சோடாவையும் புளிக்காடியையும் ஒன்றாகக் கலந்தால் பொங்கி நுரைக்கின்றது. அந்நுரையே அழுக்கைத் தின்கின்றது என்று பலர் சொல்கின்றனர். நுரைப்பது கரிவளி. காரமும் காடியும் தம்முள் அடித்துக்கொண்டு இரண்டும் ஆற்றல் இழந்தபின் எஞ்சுவது சிறிது உப்புக் கலந்த நீரே. அடைத்த குழாயில் அந்நுரை ஏதேனும் சிறிது அசைக்கலாம், அதற்குமேல் ஒன்றுமில்லை. பிசுக்கானால் காரம், உப்புக்கறையானால் காடி, தனித்தனியே இடுக. இரண்டையும் மணம் முடித்துவைக்க வேண்டா!

சிரிக்கத்தக்க கலவை அது. சிரிக்கவொண்ணாத கலவையும் உண்டு; தாய்மார்கள் செவி கொடுத்துக் கேட்டல் வேண்டும்.

கழிப்பறைக் கறைக்கு விற்கும் வன்காடியையும், கிணற்றிலும் தரையிலும் தூவும் வெளுப்புத்தூளையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இட்டால் குளோரின் என்னும் நச்சுவளி எழும். மூடிய சிற்றறையில் இரண்டு மூச்சு போதும். கண் எரியும், நெஞ்சு இறுகும், மயக்கம் வரும். 1915 ஏப்பிரல் 22ஆம் நாள் பெல்சிய நாட்டு ஈப்பர் போர்முனையில் செருமானியப் படை எதிரிமேல் திறந்துவிட்டது இதே வளியைத்தான். போர்க்களத்தில் ஆயிரக்கணக்கானோரை வீழ்த்திய நஞ்சை, இரட்டைத் தூய்மை கருதி ஒரு பெண் தன் கழிப்பறைக்குள் கதவடைத்துக்கொண்டு தானே உண்டாக்கிக்கொள்கின்றாள். குப்பியின் பின்புறத்தில் எச்சரிக்கை இருக்கின்றதே என்பர். இருக்கின்றது, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், பெரும்பாலும் அவள் படிக்கவியலாத மொழியில் இருக்கின்றது. விளம்பரம் மட்டும் இனிய தமிழில் வருகின்றது! விற்கத் தமிழ் வேண்டும், காக்கத் தமிழ் வேண்டாவா? தாய்மொழியில் எச்சரிக்கை கேட்பது மொழிவெறி என்று எவரேனும் சொன்னால், அவரைக் கதவடைத்த அக்கழிப்பறைக்குள் ஒரு நொடி நிறுத்திப் பார்க்கவேண்டும்.

இப்பகுதிக்கே உரிய ஏதம் மற்றொன்று. இரப்பர்ப்பாலை உறையவைத்துத் தகடாக்க, எறும்புக்காடி என்று சொல்லத்தக்க பார்மிக் காடியைத் தோட்டக்காரர் வாங்கி வைக்கின்றனர். இலத்தீன் மொழியில் எறும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அதன் பெயர். ஆங்கிலேயர் யான் இரே என்பார் 1671இல் எறும்புகளைக் காய்ச்சி வடித்து அதனைக் கண்டார். நீர் விடாத அக்காடி தோலையும் தொண்டையையும் வெந்துபோகச் செய்யும். அதனைக் குடிநீர்க் குப்பியில் ஊற்றி அடுக்களை மூலையில் வைத்தல், குழந்தை வாழும் வீட்டில் கொலைக்கருவியை வைப்பதற்கு ஒப்பாகும். உறைப்பதற்கு வாங்கியதைக் கறை போக்கவும் எடுத்து ஊற்றத் துணிதல் வேண்டா. இரப்பர்ப்பால் துணியில் பட்டால் உறையுமுன் குளிர்நீரில் அலசுக. உறைந்தபின் எந்தச் சாம்பலும் எந்தப் புளியும் அதனைப் போக்கா.

சாணம் பற்றியும் கேட்பீர்கள். மண்தரையில் சாணம் மெழுகியது தூசியைப் பிடித்து நிறுத்தவும், வெடிப்பை மூடவும், தரையை இறுக்கவும். அப்பணியை அது செவ்வனே செய்தது. நுண்ணுயிரைக் கொல்லும் மருந்தென்று அதனைப் போற்றுவோர் கூற்றுக்கு அறிவியற் சான்று இல்லை. புதுச்சாணத்தில் நோய்க்கிருமிகளே உண்டு. பச்சைக் குழந்தையின் கொப்பூழ்ப் புண்ணில் சாணம் தடவும் பழக்கத்தால் இழுப்புநோய் கண்டு மாண்ட மகவுகள் எத்தனையோ. சிமிட்டித் தரைக்கு மெழுகு வேண்டா. சாணம் தோட்டத்துக்குப் போகட்டும்; தென்னை மகிழும். சுண்ணாம்பு அப்படியன்று. நீற்றிய சுண்ணாம்பு வலிய காரம். சுவரில் பூசிய புதிதில் பூஞ்சையும் பாசியும் அதில் பிழைப்பது அரிது. பின்பு காற்றிலுள்ள கரிவளியை உண்டு கல்லாகவே இறுகும். மழை மிகுந்த இம்மேற்கு மலையோரத்தில் ஆண்டுக்கொருமுறை வெள்ளையடித்தது அழகுக்கு மட்டுமன்று.

இவ்வறிவையெல்லாம் காத்துவந்தவர் யார்? இதனை விடுத்துப் பொருள்களை மட்டும் பேசிச் செல்வது அரைப்பேச்சு. உவர்மண்ணின் காரத்தை அறிந்தவர், துணியை அதில் தோய்த்து வெள்ளாவியில் வைத்து, கொதிநீராவியால் அழுக்கையும் பேனையும் நோய்க்கிருமியையும் ஒருசேரப் போக்கியவர், நோயாளியின் துணியையும் தீண்டல் துணியையும் முகஞ்சுளியாது வெளுத்தவர், வண்ணார். ஊரைத் தூய்மை செய்தவரை ஊர் தீட்டு என்றது. மலம் அள்ளியவனைக் கிணற்றண்டை விடவில்லை. அழுக்குச் செய்தவன் மேலோன். அழுக்கை அகற்றியவன் கீழோன்! இதனினும் தலைகீழான கணக்கு உலகில் உண்டோ? கையால் மலம் அள்ளும் இழிவைத் தடுக்க இந்திய அரசு 1993இல் ஒரு சட்டமும், 2013இல் மற்றொரு சட்டமும் இயற்றவேண்டி வந்தது. ஒரே சட்டத்தோடு அவ்விழிவு ஒழியவில்லை என்பதற்கு இரண்டாம் சட்டமே சான்று.

திருவிதாங்கூர் ஆட்சியில் இத்தீட்டுக் கொடுமை பிறநாட்டார் கேட்டு நடுங்கும் அளவில் இருந்தது. அக்காலத்தில் இம்மாவட்டத்தின் தென்கோடியில் எழுந்த ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்தல் தகும். சாமித்தோப்பில் வாழ்ந்த வைகுண்டர் (1809–1851) அரசனின் சிறையிலிருந்து மீண்டபின், ஏறத்தாழ எழுநூறு குடும்பத்தாரைக் கடற்கரையிலுள்ள வாகைப்பதிக்கு அனுப்பினார். அங்கே அவர்கள் நாள்தோறும் மும்முறை குளித்து, உடையைக் கடல்நீரில் துவைத்து, கூடிச் சமைத்து ஒருவேளை உண்டு வாழ்ந்தனர். துவையல் பந்தி என்று அதற்குப் பெயர். சாமித்தோப்பில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் முகந்த முத்திரிக் கிணறும் அவர் காலத்தது. சமயக் கருத்து எவ்வாறாயினும் ஆகுக. தீட்டு என்று தள்ளப்பட்ட மக்கள், தூய்மை எவர் வீட்டுச் சொத்தும் அன்று, நீரும் உழைப்பும் உள்ள எவர்க்கும் உரியது என்று செய்து காட்டியது வரலாறு. கோயில் நுழைவு அறிவிப்பு 1936இல்தான் வந்தது. துவையல் பந்தியோ அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முந்தியது.

சொற்களையும் சிறிது நோக்குக. தமிழன்பர் கூட்டத்தில் அதனைத் தொடாது போனால் ஒப்பமாட்டீர்கள்! ஏனத்தை விளக்குகின்றோம், குத்துவிளக்கைத் துலக்குகின்றோம், கையைக் கழுவுகின்றோம், வாயைக் கொப்பளிக்கின்றோம், துணியை அலசுகின்றோம், துவைக்கின்றோம், வெளுக்கின்றோம், தரையைப் பெருக்குகின்றோம், துடைக்கின்றோம், மெழுகுகின்றோம், ஒட்டடை அடிக்கின்றோம், அரிசியைக் களைகின்றோம். ஒவ்வொன்றும் வேறுவேறு கைவினை. நீரின் அளவு வேறு, கையின் அழுத்தம் வேறு. எல்லாவற்றையும் 'கிளீன் பண்ணு' என்ற ஒரே தொடரில் அடைக்கும் பிள்ளைக்கு, எதனை எப்படிச் செய்வது என்னும் அறிவும் சொல்லோடு போய்விடுகின்றது. அலசு என்று சொன்னால் போதும், தேய்க்கவேண்டா என்பது விளங்கும். களை என்றால் நீர் தெளியும்வரை என்பது விளங்கும்.

இம்மாவட்டப் பிள்ளைகளுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி தாய்த்தமிழகத்தோடு இணைந்தபின், படிக்கவும் பணிசெய்யவும் வடமாவட்டம் சென்றோர், வாரியல் என்றும் சிரட்டை என்றும் அடுக்களை என்றும் சொல்லக்கேட்டு, மலையாளம் பேசுகின்றார் என்று அங்குள்ளார் நகையாடுவது உண்டு. நாணி அச்சொற்களை விட்டு, 'கிச்சன்' என்று திரும்பி வருகின்றனர்! வாரிச் சேர்ப்பது வாரியல். அடுதல் என்றால் சமைத்தல். அவ்வடியில் பிறந்தது அடுக்களை. மலையாளத்திலும் இச்சொற்கள் உள்ளன என்றால், தமிழின் பழஞ்சரக்கு அங்கும் எஞ்சியிருக்கின்றது என்பதே பொருள். 'வாரியல்' என்று சொல்லும் குமரிப்பிள்ளை நாணவேண்டியதில்லை. நகைத்தவரே அகரமுதலியைப் புரட்டிப் பார்க்கட்டும்.

இறுதியாகப் பூவந்திக்கொட்டை. பூந்திக்கொட்டை என்றும் வழங்குவர். இதன் தோலில் சபோனின் என்னும் நுரைப்பொருள் உண்டு. பட்டு நெய்வோரும் பொற்கொல்லரும் இதனை இன்றும் விடவில்லை. பட்டின் மெருகும் பொன்னின் ஒளியும் கெடாது அழுக்கை மட்டும் எடுக்கும் என்பது அவர் பட்டறிவு. இலின்னேயசு என்னும் சுவீடிய அறிஞர் 1753இல் இம்மரத்தின் பேரினத்துக்கு இட்ட இலத்தீன் பெயரின் பொருள், இந்தியச் சோப்பு என்பது. நம் காயைக் கொண்டு அவர் தம் மொழியில் பெயர் அமைத்துக்கொண்டார். நாமோ அவர் மொழிச்சொல்லின் வழிவந்த சோப்பை வாங்கிக்கொண்டு, காயையும் வழலை என்னும் சொல்லையும் ஒருங்கே மறந்தோம்.

செய்முறை இது. காய்ந்த காய் பதினைந்து அல்லது இருபது எடுத்து உடைத்துக் கொட்டையை நீக்குக. தோலை ஓர் இலிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் இருபது நிமையம் சிறுதீயில் கொதிக்கவைத்து, ஆறியபின் கையால் பிசைந்து வடிகட்டுக. தேன்நிறத்தில் ஒரு நீர் கிடைக்கும். கடைச்சரக்குப் போல் மிகுதியாக நுரைக்காது. நுரை குறைந்தால் தூய்மை குறைந்தது என்று எண்ணவேண்டா. ஏனத்துக்கும், தரைக்கும், பட்டுக்கும், கம்பளிக்கும் இது போதும். மூன்று நான்கு நாளில் புளித்துக் கெட்டுவிடும். ஆகலின் வேண்டிய அளவே காய்ச்சுக. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். மீனுக்கு இது நஞ்சு. வடித்த நீரைக் குளத்திலோ கோதையாற்றுக் காலிலோ நேரே கொட்டாது வாழையடியில் ஊற்றுக.

நீக்கிய கருங்கொட்டையை எறிந்துவிடாதீர். காய்ச்சும் முன்பே அதனைப் பிரித்தெடுக்கச் சொன்னது அதற்காகவே; வெந்த கொட்டை முளைக்காது. ஓட்டைச் சிறிது உரசி, ஒருநாள் நீரில் ஊறவைத்து, மழை தொடங்கும் திங்களில் வேலியோரத்தில் ஊன்றுக. காய்க்க ஆண்டுகள் பல ஆகும். இக்கூட்டத்திற்கென்று கொண்டுவந்த கொட்டைகள் வாயிலருகே ஒரு மண்கலத்தில் உள்ளன. வீட்டுக்கு இரண்டாக எடுத்துச் செல்லலாம்.